முட்டை நின்ற கோழியின் மூட்டும் தீவனமும்: முழுமையான வழிகாட்டி

காலையில் கூட்டுக் கதவைத் திறந்ததும் மற்றவை எல்லாம் தடதடவென்று குதித்து ஓடிவிட்டன. செவளை மட்டும் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். ஒரு காலை நீட்டினாள், பின்னால் இழுத்துக்கொண்டாள். கடைசியில் இறக்கையை அடித்துக்கொண்டு பொத்தென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயது. வயதாகிவிட்டது, பாவம் என்று நான் செய்த முதல் காரியம், அவள் முன்னால் கூடுதலாக ஒரு கை மக்காச்சோளம் போட்டது. இரண்டாவது, எலும்பு தேய்ந்திருக்கும் என்று நினைத்துத் தீவனத்தில் கிளிஞ்சல் தூளை அள்ளிக் கலந்தது. இரண்டும் பாசத்தில் செய்தவை. இரண்டுமே தப்பு. அது ஏன் தப்பு என்று புரிந்துவிட்டால் கிழட்டுக் கோழி வளர்ப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டில் வளரும் பெட்டைக்கோழி சாதாரணமாக 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். நன்றாகக் கவனித்தால் 10 ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் முட்டை அத்தனை காலம் வராது. முதல் ஆண்டில் 250, 300 முட்டை இட்ட கலப்பினப் பெட்டை, ஆண்டுக்கு ஆண்டு குறைந்து நான்காம் ஆண்டில் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிவிடும். அதன் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. கடையில் விற்கும் தீவனமும் நாம் கட்டும் கூடும் அந்தப் பிற்பாதியை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 1: யார் இன்னும் முட்டையிடுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கோழிக்கும் வயது, எடை, கடைசியாக இறகு உதிர்த்த மாதம், கடைசியாக முட்டையிட்ட நாள். இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். கோழிக்கு எவ்வளவு சுண்ணாம்புச் சத்து போக வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தீர்மானமாகும்.

ஐந்தாறு கோழிகள் ஒரே முட்டைப் பெட்டியில் இடும்போது யாருடைய முட்டை என்று எப்படித் தெரியும்? கோழியைத் தூக்கி வாலுக்குக் கீழே தடவுங்கள். எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் இரண்டு தட்டுப்படும். முட்டையிடும் கோழியில் அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும். துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். கொண்டை சிவந்து தளதளவென்று இருக்கும். முட்டை நின்ற கோழியில் ஒரு விரல்கூடச் சிரமம், துவாரம் வறண்டு சுருங்கியிருக்கும், கொண்டையும் வெளிறிப்போயிருக்கும்.

படி 2: தொடுவதற்கு முன் நடையைப் பாருங்கள்

துரத்திப் பிடித்த கோழியின் நடையை நம்ப முடியாது. காலையில் கதவைத் திறந்த உடனே பத்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எழுந்த புதிதில் விறைப்பாக நடந்து, நாலடி வைத்ததும் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நிற்கும்போது ஒரு பாதத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டால் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தீக்கங்கில் நடப்பதுபோல இரண்டு காலையும் மாற்றி மாற்றி எடுத்து வைத்தால் விரல் மூட்டுகளில் வலி. வீக்கம் எதுவும் தெரியாமல் ஒரு கால் மட்டும் பலமிழந்து துவண்டால் நரம்பில் கோளாறு.

இதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வையுங்கள். கோழி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. புதிய இடத்தில், புதிய ஆள் முன்னால், வலியைக் காட்டிக்கொள்ளாது. வீட்டில் நொண்டிய கோழி மருத்துவமனையில் நிமிர்ந்து நடந்து நம்மைப் பொய்யராக்கிவிடும்.

படி 3: இருட்டிய பிறகு மடியில் எடுத்துத் தடவிப் பாருங்கள்

கோழி அடைந்த பிறகு எடுத்தால் அமைதியாக இருக்கும். மடியில் ஒரு துண்டை விரித்து உட்காரவையுங்கள். கீழிருந்து மேலே போங்கள்: உள்ளங்கால், விரல்கள், கணுக்கால், முழங்கால், தொடை, நெஞ்செலும்பு, வயிறு, கடைசியாகக் கழுத்தடியில் உள்ள இரைப்பை.

கோழியின் முழங்கால் பின்பக்கமாக மடிகிறதே என்று பலரும் நினைப்பார்கள். அது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் பலர் கணுக்காலை மட்டும் பார்த்துவிட்டு மூட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். இறகை விலக்கி, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிப் பாருங்கள். நறநறப்பு தட்டுப்படுகிறதா, ஓர் அளவுக்கு மேல் மடக்கும்போது காலை இழுத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நம் கைக்கு எல்லாக் கோழியும் காய்ச்சல்காரிதான். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்ற ஒப்பீடுதான் பயன்படும்.

படி 4: இது எந்த நொண்டல் என்று பிரித்தறியுங்கள்

எல்லா நொண்டலும் வயதால் வருவதில்லை. இதைப் பிரிக்காமல் மருந்து கொடுப்பதுதான் பெரும்பாலான கோழிகளுக்கு நாம் செய்யும் கெடுதல்.

தேய்மானத்தில் மூட்டு சற்றே தடித்திருக்கும், சூடு இருக்காது. மெதுவாக, மாதக்கணக்கில் வரும். குளிரில் கூடும், வெயிலில் குறையும். கனத்த இனக் கோழிகளுக்கு முன்கூட்டியே வரும்.

தொற்று அப்படி அல்ல. ஓரிரு நாளில் கணுக்கால் உருண்டு வீங்கிச் சூடாகிவிடும். கோழி சோர்ந்து இரை எடுக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சிறு காயம் வழியாகப் போய் மூட்டில் உட்கார்ந்துவிடும். மைக்கோபிளாஸ்மா சைனோவியே என்ற கிருமி கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்து வீங்கவைக்கும். மருந்தில் அடங்கினாலும் கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், மற்றவற்றுக்கும் பரப்பும். எனவே சூடான வீக்கம் கண்டால் அன்றே பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதப் புண்ணில் உள்ளங்காலின் நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், சுற்றிலும் வீங்கியிருக்கும். உயரமான கட்டையிலிருந்து கடினத் தரையில் குதிப்பது, அதிக எடை, ஈரக் கூளம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. தொடக்கத்தில் எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் பாதத்தை வைத்து, நன்றாகத் துடைத்து, கிருமிநாசினி தடவி, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் கோழி குடிக்கக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு வேண்டாம். பஞ்சையும் கட்டுத் துணியையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். விரல் நுனி குளிர்ந்தோ வீங்கியோ போனால் கட்டு இறுக்கம் என்று பொருள். பாதம் முழுவதும் வீங்கி, உள்ளே கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்பட்டால் நீங்களே கீறிப் பார்க்காதீர்கள். பறவையின் சீழ் நீராக ஓடாது, வெண்ணெய்க்கட்டி போல இறுகி நிற்கும். அதை எடுக்க மயக்க மருந்தும் பழகிய கையும் வேண்டும்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அது மூட்டே அல்ல. செதிலுக்கு அடியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. வாஸ்லின் அல்லது தாவர எண்ணெயைத் தடித்துப் பூசி மூச்சுமுட்ட வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சில வாரங்கள், கூட்டில் உள்ள எல்லாக் கோழிக்கும். செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும்.

வயிற்றிலிருந்து வரும் நொண்டலும் உண்டு. பெட்டைக்கோழிகளுக்கு வயதான பிறகு சினைப்பைப் புற்றுநோய் அதிகம் வரும். வயிற்றில் வளரும் கட்டி காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால், காலில் ஒன்றும் இல்லாமலே கால் துவளும். வயிறு தண்ணீர் கட்டியதுபோல் தொங்கி, பென்குவின் மாதிரி நிமிர்ந்து நின்றால் சந்தேகம் அங்கே போக வேண்டும். முட்டை சிக்கிக்கொண்ட கோழியும் இப்படித்தான் நிற்கும், அது அவசரம்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோழி ஒரே வாரத்தில் கால் துவண்டுபோனால் வயதை மறந்துவிடுங்கள். அது தொற்று நோயாகவோ நஞ்சாகவோ இருக்கும்.

இனி, செவளைக்கு வந்தது. விரல் மூட்டுகளில் சிறு சிறு கட்டிகள். விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் வெள்ளையாக, பல்லில் படிந்த சுண்ணாம்புபோலத் தெரிந்தது. கவுட். பறவை தன் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். எச்சத்தின் மேல் தெரியும் அந்த வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் நொடித்துப்போனால் யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடி, ஊசி ஊசியாக மூட்டில் படியும். அதாவது காலில் தெரிவது அறிகுறி, கோளாறு சிறுநீரகத்தில். சிறுநீரகம் நொடித்துப்போவதற்கு நாம் போடும் தீவனமும் ஒரு காரணமாகலாம்.

படி 5: எடை

சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து, கோழியை அதில் உட்காரவைத்து, வாரம் ஒருமுறை, காலையில் இரைப்பை காலியாக இருக்கும்போது நிறுங்கள். 2 கிலோ கோழிக்கு 200 கிராம் கூடுதல் என்பது 70 கிலோ மனிதர் 7 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது போன்றது. மாறாக, ஒரு மாதத்துக்குள் எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் ஏதோ நோய் இருக்கிறது.

தராசு பாதி உண்மைதான் சொல்லும், நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் துருத்தினால் மெலிவு. இரு பக்கமும் சதை நிரம்பி, விளிம்பு மட்டும் விரலில் தட்டினால் சரி. விளிம்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. வாலுக்குக் கீழே வயிற்றுத் தோல் தடித்துப் பஞ்சுபோல் இருப்பதும் கொழுப்புதான். இப்படிப்பட்ட கோழிக்கு ஈரலில் கொழுப்பு ஏறி, உள்ளே ரத்தக் கசிவு வந்து, நேற்று வரை நன்றாக இருந்தது இன்று செத்துக் கிடக்கும்.

எடையைக் குறைக்கப் பட்டினி போடாதீர்கள். தானியத்தையும் மிச்சம் மீதியையும் நிறுத்தினாலே போதும், மாதக்கணக்கில் தானாக இறங்கும்.

படி 6: தீவனத்தை மாற்றுங்கள்

முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் கால்சியம் இருக்கும். ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்கிறது. அப்படியானால் 4 கிராம் சுற்றி கால்சியம் உள்ளே போகிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிபோலத்தான் உடலில் சேரும். எனவே தினமும் முட்டையிடும் கோழிக்கு அந்த 4 கிராம் சரியான கணக்கு. முட்டை நின்றுவிட்டால்? தேவை தீவனத்தில் 1 சதவீதம் போதும் என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் தட்டில் விழுவது அதே 4 கிராம். ஓடு இல்லாததால் ஓட்டுக்குப் போக வேண்டியதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் அது பழுதாகும். நான் அதன்மேல் கிளிஞ்சல் தூளையும் கலந்து ஊட்டினேன்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இன்னும் முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் குறைந்தால், அது தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டைக் கட்டும். பெட்டைக்கோழியின் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு எலும்பு இருக்கிறது. அது தீர்ந்தால் உடலைத் தாங்கும் எலும்பில் கைவைக்கும். பிறகு சும்மா குதித்தாலே நெஞ்செலும்பு முறியும்.

இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து ஒரே வழி: கால்சியத்தைத் தீவனத்திலிருந்து பிரித்துவிடுங்கள். கூட்டம் முழுவதற்கும் 1 சதவீதம் அளவில் கால்சியமும் 15, 16 சதவீதம் புரதமும் உள்ள வளர்பருவத் தீவனம் அல்லது எல்லா வயதுக்கும் பொதுவான தீவனம் போடுங்கள். பையின் மேல் அச்சிட்ட கால்சிய அளவைப் படிக்காமல் வாங்காதீர்கள். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தூளாக அல்ல, அரிசி அளவுத் துண்டுகளாக. முட்டைக்கு ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடப்பதால், முட்டையிடும் கோழி பிற்பகலில் தானாகப் போய் அதைக் கொத்தும். முட்டை நின்றது பெரும்பாலும் சீந்தாது. அந்தக் கிண்ணத்தில் யார் நிற்கிறார்கள் என்று மாலையில் பார்த்தால் முதல் படியில் போட்ட கணக்கும் சரிபார்க்கப்படும்.

பழைய தீவனத்திலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். முதல் நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி. திடீரென்று மாற்றினால் கோழி முறைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும்.

கிளிஞ்சல் வேறு, சிறுகல் வேறு. கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும். இரையை அரைக்கக் கரையாத சிறுகல் வேண்டும். வெளியே மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். நடக்க முடியாமல் கூட்டிலேயே இருக்கும் கிழவிக்கு நாம்தான் ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டுச் செரிமானக் கோளாறு என்று மருந்து தேடுகிறவர்கள் நிறைய.

புரதம் விஷயத்தில் ஒரு நெளிவு இருக்கிறது. இறகு ஏறத்தாழ முழுக்கவும் புரதம். எனவே இறகு உதிர்க்கும் வாரங்களில் புரதத்தை 18, 20 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். புழு, அவித்த முட்டை கொஞ்சம் கொடுக்கலாம். புது இறகு முளைத்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். கவுட் உள்ள கோழிக்கு மட்டும் இந்த ஏற்றத்தை மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள், புரதம் கூடினால் யூரிக் அமிலமும் கூடும்.

கீரையும் காரட்டும் வெறும் தீனி அல்ல. வைட்டமின் ஏ குறைந்தால் சிறுநீர்க் குழாயின் உட்தோல் தடித்து அடைத்துக்கொண்டு, அதுவும் கவுட்டில் கொண்டுபோய் விடும். வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. அது வெயிலிலிருந்து கிடைக்கும். காலை வெயிலில் கோழி இறக்கையை விரித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

தீவனத்துக்கு வெளியே கொடுப்பதெல்லாம் சேர்த்து நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10, 12 கிராம். ஒரு மேசைக்கரண்டி. நான் செவளைக்குப் போட்ட ஒரு கை மக்காச்சோளத்தை ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன்: 45 கிராம். மக்காச்சோளத்தில் மாவுச்சத்து அதிகம், புரதம் 8, 9 சதவீதம்தான். வயிறு அதிலேயே நிரம்பிவிட, சரிவிகிதத் தீவனம் தட்டில் மிஞ்சியது.

ஆளிவிதையில் ஒமேகா 3 இருக்கிறது. மொத்தத் தீனியில் சிறு அளவு சேர்க்கலாம், அள்ளிப் போட்டால் செரிக்காது. மஞ்சள் தூளைத் தூவுவதில் தப்பில்லை, ஆனால் அது உடலில் மிகக் குறைவாகத்தான் சேரும். எடையைக் குறைக்காமல் மஞ்சளை நம்புவது, வண்டியில் சுமையை இறக்காமல் அச்சுக்கு எண்ணெய் விடுவது. உப்பிட்ட மிச்சங்கள், சாக்லேட், அவகாடோ, வேகாத உலர் பயறு வகைகள் கூடவே கூடாது. பூசணம் பிடித்த தானியத்தைக் கோழிக்காவது போடலாமே என்ற எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பூஞ்சை நஞ்சுகளில் சில நேராகச் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

படி 7: தண்ணீர்

ஒரு கோழி நாளுக்கு 200 முதல் 250 மில்லி குடிக்கும், கடும் வெப்பத்தில் இரண்டு மடங்கு. வலியுள்ள கோழி தண்ணீருக்கு நடப்பதைத் தள்ளிப்போடும். குறைவான நீர், கெட்டியான யூரிக் அமிலம், மேலும் வலி, மேலும் குறைவான நடை. எனவே கிழவி படுத்திருக்கும் இடத்திலிருந்து நாலடிக்குள் ஒரு தட்டு இருக்கட்டும். ஆப்பிள் வினிகர் ஊற்றுவதாக இருந்தால் உலோகப் பாத்திரத்தில் வேண்டாம். சமையல் சோடாவைக் கோழிக்குத் தண்ணீரில் கலக்காதீர்கள். அளவு மீறினால் சிறுநீரகம் கெடும்.

படி 8: கூட்டைத் தாழ்த்துங்கள்

ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்கு அடி. கோழி மாலையில் எப்படியோ தாவி ஏறிவிடும், விடியலில் விழுந்துதான் இறங்கும். அடையும் கட்டையை 30 சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள்; மிக மோசமான காலுக்கு ஒரு செங்கல் உயரம் போதும். கட்டையின் அகலம் 4, 5 சென்டிமீட்டர், விளிம்பு வழவழவென்று உருட்டியிருக்க வேண்டும். மெல்லிய கம்பியிலோ குச்சியிலோ விரலை இறுக்கிப் பிடித்து இரவு முழுவதும் நிற்பது வீங்கிய விரல் மூட்டுக்குத் தண்டனை.

மற்ற கோழிகளுக்காகக் கட்டை உயரமாகவே இருக்க வேண்டுமென்றால் சாய்பலகை வையுங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு 90 சென்டிமீட்டர் நீளம் என்பது என் கணக்கு. அதைவிடச் செங்குத்தானால் கிழவி ஏற மறுக்கிறாள். குறுக்கே சட்டங்கள் அடித்து, கால் வழுக்காமல் பழைய கோணியை ஒட்டுங்கள். முதல் சில மாலைகளில் நீங்களே கையில் பிடித்து நடத்திக் காட்ட வேண்டியிருக்கும்.

கீழே 10 சென்டிமீட்டர் உலர்ந்த மரச்சீவல். கூட்டுக்குள் குனிந்ததும் கண் எரிந்தால் கூளம் ஈரம், பாதத்துக்கும் அதே எரிச்சல்தான்.

நிற்க முடியாத நாட்களில் உட்கார்ந்தபடியே தின்ன ஒரு தாழ்ந்த தட்டு வையுங்கள். உயரத்தில் தொங்கும் தீவனக் குடுவை அப்போது அவளுக்குக் கண்காட்சிப் பொருள்தான்.

படி 9: வலிக்கு மருந்து

மருத்துவர்கள் கோழிகளுக்குப் பெரும்பாலும் எழுதுவது மெலாக்சிகாம். அளவை நாய்க்கோ பூனைக்கோ கொடுத்ததிலிருந்து கணக்குப் போட்டு எடுக்காதீர்கள். பறவையின் உடல் மருந்தைக் கையாளும் விதமே வேறு. சிறுநீரகம் பலவீனமான கோழிக்கு இதுவும் எச்சரிக்கையோடுதான். மருந்து கொடுக்கும் நாட்களையும் சேர்த்து, அதன்பின் எத்தனை நாட்களுக்கு முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. குறிப்பாக டைக்ளோஃபினாக். அந்த மருந்து ஏறிய மாட்டுச் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்பு முழுக்க யூரிக் அமிலம் படிந்து, கூட்டம் கூட்டமாக மடிந்தன. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். ஸ்டீராய்டும் பறவைக்கு ஆகாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கி உறங்கும் தொற்றை எழுப்பிவிடும்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நடையை மட்டும் பார்க்காதீர்கள். மீண்டும் மண்ணில் குளிக்கிறாளா, தலையைத் திருப்பி முதுகு இறகைக் கோதுகிறாளா என்று பாருங்கள். வலியுள்ள கோழி முதலில் விடுவது அதைத்தான்.

படி 10: அவளால் செய்ய முடியாததை நீங்கள் செய்யுங்கள்

மண்குளியலும் கோதலும் நின்றால் பேன் ஏறும். வாரம் ஒருமுறை எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்தாய் ஒட்டியிருப்பது பேன் முட்டை. ஒரு அகலமான தாழ்ந்த தொட்டியில் உலர் மண்ணும் மணலும் நிரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்து, அவளைத் தூக்கி அதில் விடுங்கள். எழ முடியாவிட்டாலும் கிடந்தபடியே மண்ணை வாரி இறைத்துக்கொள்வாள்.

வாலுக்குக் கீழே எச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். வெப்ப நாட்களில் அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

அதிகம் நடக்காத கோழிக்கு நகம் தேயாது. நீண்ட நகம் விரலைக் கோணலாக்கி மூட்டை மேலும் இழுக்கும். விளக்கின் எதிரே பிடித்து ரத்த நாளம் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள்.

படி 11: கூட்டத்தில் அவள் இடம்

கொத்து வரிசையில் மேலே இருந்த கோழி நொண்டத் தொடங்கியதும் கீழே இருந்தவை அதைக் கண்டுகொள்ளும். தட்டிலிருந்து விரட்டும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது கண்ணில் படாதபடி ஒரு பலகையால் மறைத்து வையுங்கள். அவளை முழுவதும் தனியே அடைத்தால் ஏங்கிப்போவாள். இரண்டு வாரம் கழித்து விடும்போது புதுக்கோழி என்று மற்றவை பாயவும் செய்யும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள் என்று இருக்கட்டும். சாதுவான துணை ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து விடலாம்.

படி 12: எப்போது போதும்

நோட்டில் ஐந்து கேள்வி எழுதி வைத்தேன். தானே தின்கிறாளா, தானே குடிக்கிறாளா, எழுந்து நாலடி வைக்கிறாளா, மண்ணில் புரள்கிறாளா, மற்றவற்றின் அருகில் போய் உட்காருகிறாளா. தினமும் இரவில் ஆம், இல்லை என்று மட்டும். மூன்று இல்லை ஒரு வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் வலியில்லாமல் முடிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். தினமும் பார்க்கும் கண்ணுக்குச் சரிவு தெரியாது, வரிசையாக எழுதிய இல்லைகள் தெரியும்.

செவளை தீவனம் மாற்றி, 300 கிராம் இறங்கி, ஒன்றரை ஆண்டு இருந்தாள். விரல் கட்டிகள் கரையவில்லை, புதிதாக எதுவும் வரவும் இல்லை. ஒருநாள் காலை எழவில்லை. காரணம் தெரியாமல் கோழி இறந்தால் மற்றவற்றின் நலனுக்காகவாவது உடலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய வைத்தால் திசுக்கள் கெட்டுவிடும். அவளுக்கு ஒரு பக்கச் சிறுநீரகம் சுருங்கிப்போயிருந்தது. மற்றது அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துப் பெருத்திருந்தது. அப்படிச் சுருங்க நெடுங்காலம் ஆகும் என்றார் மருத்துவர். விரலில் கட்டி தெரிவதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கிறது. இப்போதெல்லாம் நான் நொண்டலுக்குக் காத்திருப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு முட்டை என்று குறைந்த வாரமே தீவனப் பை மாறிவிடும், கட்டையும் இறங்கிவிடும்.